பஸ் நிறுத்தும் இடம்

கால்பந்துக் கோச்சுகள் பேசினால் பக்கத்தில் உரையாசிரியர் ஒருவர் வேண்டும். மொத்த அணியும் சொந்த கோல் வாசலில் முண்டியடித்து நின்றால் அதற்கு 'லோ பிளாக்' என்று கௌரவமான பெயர். 2004-இல் டாட்டன்ஹாம் அப்படி நின்று செல்சியை 0–0 என மடக்கியபோது, கோலுக்கு முன்னால் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் என்று கடுப்பானார் அப்போதைய செல்சி கோச் மொரின்யோ. பிற்பாடு அந்த பஸ்ஸுக்கு அவரே ஆஸ்தான டிரைவர் ஆனது தனிக்கதை.

'ஃபால்ஸ் நைன்' இன்னும் விசேஷம். சென்டர் ஃபார்வர்டு தன் இடத்தில் நிற்கமாட்டார், நடுக்களத்துக்கு இறங்கிவிடுவார். பின்னாலேயே போவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா என்று டிஃபெண்டர் தலையைச் சொறிவார். 2009 மே மாதம் பார்சிலோனாவின் மெஸ்ஸி இப்படி இறங்கினார். ரியல் மாட்ரிட்டை அவர்கள் வீட்டிலேயே பார்சிலோனா 6–2 என்று வறுத்தது. அதையே நான் செய்தால் 'மூச்சு வாங்குது போல' என்கிறார்கள்.