புள்ளி பூஜ்யம் ஐந்து

முதுநிலை மருத்துவ மாணவர் ஒருவர் புள்ளியியல் உதவி கேட்டு ஆய்வேட்டோடு என்னிடம் வந்தார். 60 நோயாளிகள். எக்செலில் ‘வயது’ கட்டத்தில் ஒருவருக்கு 34, ஒருவருக்கு ‘முப்பது’, இன்னொருவருக்கு ‘கேட்கவில்லை’.

“சார், பி மதிப்பு 0.06 வருது. கொஞ்சம் பாத்து 0.04 ஆக்கித் தர முடியுமா?”

கத்தரிக்காய் பேரத்தில்கூடச் சற்றுக் கூச்சம் இருக்கும். 1925-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் பி மதிப்புக்கு வசதிக்காகக் கிழித்த 0.05 கோடு, இங்கே பாஸ் மார்க் ஆகிவிட்டது; அதற்குக் கீழே வந்தால்தான் தேர்ச்சி.

பாடம் எடுக்க ஆரம்பித்து, சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனைக்கு வந்தேன். அதை 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட காசெட், டப்ளின் கின்னஸ் பீர் ஆலையின் ஊழியர். அன்றைய பாடத்தில் மாணவர் குறித்துக்கொண்டது இந்த பீர் ஆலைச் செய்தியை மட்டும்தான்.

“சரி, 60 பேர் போதும்னு எப்படி முடிவு பண்ணீங்க?”

“போன வருஷ சீனியரும் 60தான் சார்.”