தாழ்ந்த காரை உயர்த்துதல்: தலவாக்கலைச் சரிவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தலவாக்கலையில் சமதளம் மூன்று தரப்புக்குத்தான் சொந்தம். மாரியம்மனுக்குக் கோயில் முற்றம், ரயில்வேத் திணைக்களத்துக்கு ஸ்டேஷன் மேடை, மின்சார சபைக்கு 2012-ல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் நீர்த்தேக்கம். மூன்றிலும் மிகச் சீரானது கடைசியாகச் சொன்னதே. ஆனால் அதன்மேல் காரை நிறுத்த முடியாது. மீதி ஊர் முழுதும் சரிவு. இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் தன் காரின் முகத்தை வெறும் 8 அங்குலம் உயர்த்துவதற்குப் பலகை தேடி அலைகிறான் என்பது ஆராயத்தக்க முரண். 1925-ல் தொடங்கப்பட்டு இன்று சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், சரிவில் தேயிலையை எப்படி நிறுத்துவது என்று விரிவாகச் சொல்லும். சரிவில் காரை நிறுத்துவது அதன் கடமையல்ல. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை.

முதலில் ஆய்வுப்பொருள். தாழ்ந்த கார் இங்கே பெரும்பாலும் தீபாவளியை ஒட்டித் தென்படும் உயிரினம். கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளை, பம்பருக்குக் கீழே இன்னொரு உதடு ஒட்டி, ஸ்பிரிங்கை வெட்டி, தரையோடு தரையாய் அதைக் கொண்டுவருவார். ஏ7 வீதி வரைக்கும் கம்பீரம் குறையாது. தோட்டத்து ரோட்டில் திரும்பிய முதல் கல்லிலேயே அடிவயிற்றில் ஒரு சத்தம் கேட்கும். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் ஓடுகிற காரில் பல வயதானவை, ஒயில் கசிவதில் தாராள மனம் படைத்தவை. கராஜ் பாஸ்மாரோ தீபாவளி வாரத்தில் கையில் அகப்படமாட்டார்கள். ஆகவே லயத்து வாசலிலேயே காரை உயர்த்தி அடியைப் பார்க்கும் தேவை எழுகிறது.

இனி கோட்பாடு. பழைய கிரேக்கரான ஹீரோன் எளிய பொறிகளை ஐந்தாக வகுத்தபோது சாய்தளத்தைச் சேர்க்கவில்லை. அவர் தலவாக்கலைக்கு வந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1586-ல் சிமோன் ஸ்டெவின் என்ற பிளெமியர்தான் சாய்தளத்தின் கணக்கை ஒழுங்காக நிறுவினார். தமிழரிடம் அதற்கு முன்பே பெருங்கதை உண்டு: தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கல்லை ஏற்றச் சாரப்பள்ளத்திலிருந்து நாலு மைலுக்குச் சாரம் கட்டினார்கள் என்பார்கள். விமானம் ஏறத்தாழ 216 அடி. கதையை அப்படியே நம்பினால் சரிவு 98-க்கு 1 வருகிறது. எவ்வளவு தாழ்ந்த காரும் பம்பர் உரசாமல் ஏறிவிடும். 1885-ல் நானுஓயாவை எட்டிய நமது மலைநாட்டு ரயில் பாதையின் கடுமையான ஏற்றம் 44-க்கு 1. அந்த மரியாதையான சரிவில் காரை 8 அங்குலம் உயர்த்த 29 அடி 4 அங்குலம் பாதை வேண்டும். பத்தடி அகலக் காம்பராவானால் மூன்றின் வாசலை மறிக்கும். பக்கத்து வீட்டு அக்கா சும்மா விடமாட்டார்.

சிக்கல் ஏற்றத்தில் இல்லை, பம்பரில் இருக்கிறது. சாதாரணக் காரில் டயர் முதலில் சாய்தளத்தைத் தொடும். தாழ்ந்த காரில் பம்பர் முந்திக்கொள்ளும். பம்பரின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து 5 அங்குல உயரத்திலும், டயர் நிலத்தைத் தொடும் இடத்துக்கு 26 அங்குலம் முன்னாலும் இருந்தால், அந்தக் கார் சகித்துக்கொள்ளும் சாய்வு 11 பாகைக்கும் சற்றுக் குறைவு. கடையில் வாங்கும் குட்டையான இரும்பு ரேம்ப் பெரும்பாலும் அதைவிடச் செங்குத்து. காசு கொடுத்து வாங்கி, பம்பரையும் அதற்கே பலி கொடுப்பானேன்?

பலகைக்கு வருமுன் உள்ளூர் மரபுகளையும் கவனிக்க வேண்டும். காரைக் கானுக்கு மேலே இரு பக்கமும் சில்லு நிற்க ஓட்டிவிட்டு, ஆள் கானுக்குள் படுப்பது பழைய முறை. செலவில்லை. ஆனால் பின்னேர மழையில் கரை இளகும், அட்டையும் ஆய்வில் பங்கெடுக்கும். ஒரு பக்கச் சில்லை மண்திட்டில் ஏற்றுவதை முறை என்றே ஏற்க முடியாது. கார் சாயும், ஒயில் ஒரு மூலையில் தேங்கும்.

காருக்கு முட்டாக வைக்கும் சீமெந்து புளொக் கல்லைப் பற்றி மட்டும் கிண்டலை ஒதுக்கி வைக்கிறேன். ஒரு டன்னுக்குச் சற்றுக் கூடின சின்னக் காரில் முன் சில்லு ஒன்று ஏறத்தாழ 300 கிலோ தாங்கும். 18 கிலோ கொழுந்துக்கு ஒரு பேர் என்று வைத்தால், பதினாறு பேருக்கு மேற்பட்டவர்களின் ஒரு நாள் கொழுந்து அந்த ஒரு சில்லில் நிற்கிறது. உள்ளே பொந்துள்ள கல் வளையாது, முனகாது, எச்சரிக்காது. ஒரே கணத்தில் நொறுங்கும். மரம் அப்படியல்ல, நொறுங்குமுன் பெரும்பாலும் சத்தம் போடும். அந்த நாகரிகத்துக்காகவே மரத்துக்கு என் வாக்கு.

செய்முறை இது. 2 அங்குலக் கனமும் 10 அங்குல அகலமும் உள்ள, வெடிப்பில்லாத யூக்கலிப்டஸ் பலகையில் நான்கு துண்டு: 61, 46, 31, 16 அங்குலம். பெரியதைக் கீழே வைத்து, பின்விளிம்புகளை ஒன்றாக்கி, நீண்ட ஸ்குரூவால் இறுக்குங்கள். படிக்குப் படி 15 அங்குல இடைவெளி இருப்பதால் டயர் இரண்டிரண்டு அங்குலமாக ஏறும், பம்பரும் அதோடு சேர்ந்து உயர்ந்துகொண்டே போகும். உச்சியில் ஒரு தடுப்புக்கட்டை கட்டாயம்; இல்லாவிட்டால் உற்சாகத்தில் கார் மறுபக்கம் இறங்கிவிடும். ஒரு சோடிக்கு மொத்தம் 26 அடிக்கும் குறைவான பலகைதான்.

வாசலின் சரிவு தனி அத்தியாயத்துக்குரியது. முற்றம் முன்பக்கமாகச் சாய்ந்திருந்தால், 8 அங்குலம் உயர்த்தியும் கார் அப்போதுதான் நேராக நிற்கும். பார்ப்பவருக்கு எதையும் செய்ததாகவே தெரியாது. புகழை விரும்பாதவர் இதைப் பரிசீலிக்கலாம். மற்றவர் கோயில் முற்றத்துக்கு அனுமதி கேட்பது உத்தமம், திருவிழா நாள் நீங்கலாக. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சில்லைத்தான் பிடிக்கும். ஆகவே முன்பக்கத்தை ஏற்றி, பின் சில்லுகளை நிலத்தில் விட்டு, பிரேக்கை இழுத்து, அந்தச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் லொறிக்காரர் போல் கட்டை போடுங்கள்.

தம்பிமாரே, படுப்பதற்கு முன் காரை ஒருமுறை பலமாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் படுக்காதீர்கள். ஜெக்கை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள். வாசலில் இருக்கும் புளொக் கல்லை இன்றைக்கே எடுத்துக் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுங்கள்.