கல்வராயன் மலையில் இரட்டைப் பிம்பம்

ரேஞ்ச்ஃபைண்டர் என்பது, லென்ஸின் வழியாகப் பார்க்காமல், அதற்கு மேலே தனியாக உள்ள சாளரத்தின் வழியாகப் பார்த்து, நடுவில் இரண்டாகத் தெரியும் பிம்பம் ஒன்றாகும் வரை வளையத்தைத் திருப்பிக் குவியம் காணும் கேமரா வகையாகும். கள்ளக்குறிச்சிக்கு அண்டையிலுள்ள திருவண்ணாமலையில், 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது அங்கிருந்த ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், இவ்வகையைச் சேர்ந்த லைக்காவைக் கொண்டே புகழ் பெற்றவர்.

அம்மரபின் எச்சத்தைக் கள்ளக்குறிச்சித் திருமண மண்டபங்களில் தேடும் ஆய்வாளருக்குப் பந்திச் சாப்பாடு மட்டுமே கிடைக்கக்கூடும். ஏனெனில் மணமகளின் கண்ணைத் தானே கண்டறிந்து குவியம் கொள்ளும் மிரர்லெஸ் கேமராக்களின் நடுவே, மூன்றாம் முடிச்சு விழுவதற்குள் இரட்டைப் பிம்பத்தை ஒன்றாக்கத் தவறுபவர், வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர நேரிடும். வழக்கமான அண்மை எல்லை 70 செ.மீ. என்பதால், மோதிரத்தைச் சட்டகம் நிறையக் கேட்கும் உறவினரையும் அவர் திருப்திப்படுத்த இயலாது.

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைப் பக்கம் ஏறினால், பிம்பங்களைப் பொருத்துவதற்குத் தேவையான தெளிந்த விளிம்பையே மூடுபனி விழுங்கிவிடும். சாளரத்தின் சட்டகக் கோடுகளோ 135 மி.மீ. லென்ஸோடு நின்றுவிடுவதால், மரக்கிளைப் பறவை புள்ளியாகவே பதியும்.

எடை குறைவையும் அடங்கிய ஒலியையும் விரும்பும் ஆவண ஒளிப்படக்காரர் சிலர் இன்றும் இதனைக் கைவிடவில்லை என்பது உண்மையே. ஆனால் 2025இல் லைக்கா நிறுவனமே, தன் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கான எம் வரிசையில் இரட்டைப் பிம்பத்தை நீக்கி மின்னணுக் காட்சிச் சாளரம் பொருத்திய கேமராவை வெளியிட்டது, விலையை மட்டும் பல லட்சங்களிலேயே விட்டுவைத்து.