மாக் மன்னர்

சிவில் சர்வீசஸ் மெயின்ஸ் முடிவு வந்த பிறகு அண்ணாநகர் டீக்கடைகளில் இவரைப் பார்க்கலாம். டீயை ஆற்றுகிற மாஸ்டரிடம், "அண்ணே, பேசும்போது நான் கையை ரொம்ப ஆட்டுறேனா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். "டீ கொட்டாத வரைக்கும் பிரச்சினை இல்ல தம்பி" என்பார் மாஸ்டர்.

எழுத்துத் தேர்வுக்கு 1750 மதிப்பெண். நேர்காணலுக்கு 275தான். ஆனாலும் 1750-க்குப் பயந்ததைப்போலப் பத்து மடங்கு 275-க்குப் பயப்படுகிறார். விடைத்தாள் புருவத்தை உயர்த்தாது அல்லவா!

பயத்துக்கு மருந்து மாக் இன்டர்வியூ, அதாவது நேர்காணல் ஒத்திகை. நம்மவர் பதினொரு வேளை சாப்பிட்டுவிட்டார். "கொஞ்சம் சிரிங்க தம்பி" என்றது முதல் போர்டு. சிரித்தார். "என்ன தம்பி, பல்லைக் காட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்றது இரண்டாவது. சட்டென்று பதில் சொன்னால் மனப்பாடம் என்றார்கள். யோசித்துச் சொன்னால் தெளிவில்லை என்றார்கள். பதினோராவது போர்டு முடிந்து வந்தபோது முகத்தின் இடப்பாதி சிரித்துக்கொண்டிருந்தது. வலப்பாதி நாட்டின் பொருளாதாரத்தை எண்ணிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் விடப் பெரிய கண்டம் ஒன்று இருந்தது. விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்று ஒரு கட்டம். அவருடைய அசல் பொழுதுபோக்கு மதியத் தூக்கம். அதை எழுத முடியுமா? சீனியர் ஒருவர் சொல்கேட்டு 'பறவை நோக்குதல்' என்று போட்டுவிட்டார். அன்றோடு தூக்கம் போயிற்று. இரவல் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் வேடந்தாங்கலுக்கு ஓடினார். நத்தைகுத்தி நாரையின் அலகுக்கு நடுவே ஏன் இடைவெளி, பாம்புத்தாரா ஏன் இறக்கையை விரித்துக் காயப்போடுகிறது, வேடந்தாங்கல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது 2022-இல். எல்லாம் நுனி நாக்கில். மெஸ்ஸில் பொரித்த கோழி வந்தாலும் முதலில் அலகைத் தேடினார்.

நேர்காணல் நாளும் வந்தது. டெல்லி ஷாஜஹான் சாலை, தோல்பூர் ஹவுஸ். கோட்டின் உள்பையில் அம்மா மடித்துக் கொடுத்த திருநீறு. "பெரியவங்க கேட்டா மரியாதையா பதில் சொல்லுப்பா" என்று காலையில் போனில் சொன்னதுதான் அம்மா நடத்திய மாக்.

அரைமணி நேரம். நிலத்தடி நீர் கேட்டார்கள், ஜிஎஸ்டி கேட்டார்கள், ஊர்ப் பெயருக்கு அர்த்தம் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். "நன்றி, போகலாம்" என்றார்கள்.

வெளியே வந்தவர் நண்பனைப் பார்த்ததும் பொருமித் தீர்த்துவிட்டார். "ஒரு பறவை, ஒரே ஒரு பறவை கேட்டாங்களாடா? காக்கா பத்திக்கூடக் கேட்கலையே!"

ஆட்டோ பேசினார்கள். ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேலே ஏதோ வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

"கள்ளப்பருந்துடா! வாலைப் பாரு, நடுவுல பிளவு. செம்பருந்துன்னா வால் வட்டமா இருக்கும்."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நம்மவர் அசையவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார், முகத்தின் இரண்டு பாதியாலும்.