பாகலூரில் மூட்டையை வைத்துவிட்டுப் போன கர்னல்

மேஜைமேல் போர் நடத்துகிறவர்களுக்கு எதிரியைவிடப் பெரிய கவலை, எங்கே உட்கார்ந்து ஆடுவது என்பதுதான். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, 1812-இல் அரசருக்காக இழுப்பறை வைத்த மேஜையே செய்து போட்ஸ்டாம் அரண்மனையில் கொண்டுபோய் இறக்கினார். எச்.ஜி. வெல்ஸ் தரையில் தவழ்ந்தபடி பொம்மை பீரங்கியால் ஈயச் சிப்பாய்களைச் சுட்டுத் தள்ளி, அந்த அனுபவத்தை 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று புத்தகமாகவும் போட்டார். நம் ஆட்கள் அரண்மனைக்கு அலையவில்லை, மேஜைக்குச் செலவழிக்கவும் இல்லை. கோயில் மண்டபத் தரையில் உளியால் கோடு கிழித்தார்கள். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. உள்ளே சாமிக்குப் பூசை நடக்கும், வெளியே யுத்தம் நடக்கும். இரண்டுக்கும் ஒரே மணி.

ஆடு புலி ஆட்டத்துக்கு இந்தப் பூமியிலேயே பொருத்தமான இடம் எது என்று என்னைக் கேட்டால், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் உள்ள சீமை என்பேன். பாறை இருக்கிறது, புளியமரம் இருக்கிறது, தோற்றவனைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையில் வையலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இதே தரையில் நிஜ ஆளை வைத்து, நிஜ பீரங்கியை வைத்து ஆடிப் பார்த்திருக்கிறார்கள். ஆடியவர்களில் பாதிப்பேருக்கு ஆட்டம் தெரியாது என்பதுதான் விசேஷம்.

முதல் ஆட்டம் 1768. புலிப் பக்கம் ஹைதர் அலி. ஆட்டுப் பக்கம் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி. ஆட்டுக்காரர்களுக்கு ஜோசப் ஸ்மித் என்று ஒரு கர்னல் இருந்தார், விவரமான ஆள். விவரமான ஆள் ஆடினால் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள் அல்லவா? சென்னைக் கவுன்சில் தன் உறுப்பினர்கள் இருவரை ‘ஃபீல்டு டெபுடி’ என்று பெயர் கொடுத்துப் பாளையத்துக்கே அனுப்பிவைத்தது. அது போதாதென்று ஆற்காட்டு நவாப் முகம்மது அலி தன் பரிவாரத்தோடு கிளம்பி வந்தார். ஹைதரின் சீமை கைக்கு வந்ததும் அதை ஆளுவதற்கு ஆள் தயாராக இருக்க வேண்டாமா? பந்தி போடும் முன்பே இலையோடு வந்து உட்கார்ந்தவர் என்றால் அவர்தான்.

அக்டோபர் 4-ஆம் தேதி முல்பாகலில் நடந்தது ஒரு கூத்து. இன்றைக்கு ஓசூர்க்காரர்கள் கோலார் வழியாகத் திருப்பதிக்குப் போகிறபோது தாண்டிப்போகிற ஊர்தான். அங்கே பாறைகளுக்கு நடுவே கும்பினியின் இன்னொரு கர்னலான வுட் வசமாக மாட்டிக்கொண்டார். ஹைதரின் படை நாலாபக்கமும் நெருக்குகிறது. கேப்டன் புரூக் என்பவர் காயம்பட்டவர், நோயாளி எனக் கிடைத்தவர்களைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பீரங்கியைப் பாறைமேல் ஏற்றிச் சுட்டுவிட்டு, “ஸ்மித்! ஸ்மித்!” என்று தொண்டை கிழியக் கத்தினார். ஸ்மித் அந்தப் பக்கத்திலேயே இல்லை. ஆனால் கத்தலைக் கேட்ட ஹைதரின் ஆட்கள் ஸ்மித் வந்துவிட்டார் என்று பின்வாங்கினார்கள். வுட்டின் ஆட்களும் அதையே நம்பித் தெம்பாகிவிட்டார்கள். பலகையில் இல்லாத காயை வைத்து ஒரு ஆட்டத்தைக் காப்பாற்றலாம் என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதியிருக்காது.

இப்படிப் பேரைச் சொன்னாலே எதிரி ஓடுகிற ஆள் ஒருவர் கையில் இருந்தால் என்ன செய்ய வேண்டும்? சென்னைக் கவுன்சில் அவரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது. பொறுப்பு வுட்டிடம் வந்தது.

நவம்பரில் ஹைதர் ஓசூரைச் சுற்றி வளைத்தார். ஓசூர் அப்போது கும்பினி கையில். மீட்கக் கிளம்பிய வுட், வழியில் பாகலூர்ப் பேட்டையில் கனமான சாமான்களையும் இரண்டு பெரிய பித்தளை பீரங்கிகளையும் இறக்கி வைத்தார். ராத்திரியோடு ராத்திரியாகப் போய் ஹைதர் தூங்கும்போதே அடித்துவிடலாம் என்பது திட்டம். ஆடு புலியில் பத்து வயதுப் பையனுக்குத் தெரிந்த பாடம் ஒன்று உண்டு: பின்னால் இருக்கும் புள்ளி காலியாக இருந்தால் புலி உன்மேல் தாண்டும். வுட் விறைப்பாக ஓசூருக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது ஹைதர் அவரைச் சுற்றிக்கொண்டு போய் பாகலூரில் இறங்கிவிட்டார். பீரங்கி, மூட்டை முடிச்சு எல்லாம் பெங்களூருக்குப் போயின. அன்றைக்கே பாகலூர் ரோட்டில் சரக்குப் போக்குவரத்து இப்படித்தான் இருந்திருக்கிறது.

சிரிக்க முடியாத ஒன்றும் அங்கே நடந்தது. பேட்டை மக்கள் கோட்டைக்குள் ஓடிப் பிழைக்கப் பார்த்தார்கள், கதவு சாத்தப்பட்டது. வாசலில் நெரிசலில் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஏராளமானவர்கள் செத்துப்போனார்கள். புளியங்கொட்டைக்கு மூச்சு முட்டாது என்பதால்தான் இந்த விளையாட்டைப் பலகையில் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

வுட்டைக் கைது செய்து சென்னைக்கு அழைத்துப் போனார்கள். ஹைதர் தானாகவே சென்னைக்குப் போனார். 1769-இல் குதிரைப்படையோடு பரங்கிமலை வரை வந்து நின்றார். ஏப்ரலில் கவுன்சில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. கவுன்சில் சார்பில் பேச்சுவார்த்தை நடத்திய டூ பிரேயின் மூக்கை யானைத் தும்பிக்கை மாதிரி வரைந்து, அதை ஹைதர் பிடித்து இழுக்க, உள்ளிருந்து பொற்காசு கொட்டுகிற ஒரு கேலிப்படம் கோட்டைக் கதவில் தொங்கியதாக ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, நல்ல கார்ட்டூன்.

இரண்டாவது ஆட்டம் 1791. புலிப் பக்கம் மகன் திப்பு. ஆட்டுப் பக்கத்தில் இந்தத் தடவை கார்ன்வாலிஸ், நிஜாம், மராட்டியர் என்று மந்தையே பெரிது. ஜூலையில் கும்பினியின் மேஜர் கௌடி வருகிறார் என்றதும் ஓசூர்க் கோட்டையைக் காலி செய்துவிட்டார்கள். ராயக்கோட்டையில் கீழ்க்கோட்டை விழுந்ததும் மேல்கோட்டையின் கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர், நிதானமாகப் பேரம் பேசினார்: என் சொத்தைத் தொடக் கூடாது, குடும்பத்தோடு நவாபின் சீமையில் குடியேற விட வேண்டும். இரண்டும் கிடைத்தது. அந்தப் போர் முழுவதிலும் நிம்மதியாகத் தூங்கியவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

கிருஷ்ணகிரி மட்டும் படியவில்லை. நவம்பர் 7-ஆம் தேதி ராத்திரி கும்பினிப் படையின் மாக்ஸ்வெல் பேட்டையைப் பிடித்துவிட்டு, அதே வேகத்தில் மலையேறினார். மேலே இருந்தவர்கள் பீரங்கியை நம்பிக்கொண்டிருக்கவில்லை, பாறையை உருட்டிவிட்டார்கள். ஏணி உடைந்தது, ஏறியவர்கள் விழுந்தார்கள், மாக்ஸ்வெல் திரும்பிப் போனார். சண்டையில் கிடைக்காத அந்த மலை 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்தில் கும்பினிக்கு வந்துவிட்டது. ஆடுகள் புலியை வெட்டுவதில்லை, நகர இடமில்லாமல் அடைத்துவிடும், அதுதான் விதி. பாறை உருட்டியவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை. கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்ரோவும் வந்து நிலத்தை அளக்க ஆரம்பித்தார்கள். விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் இங்கே போடப்பட்டது.

ஆகவே, இடம் தேடுகிறவர்களுக்கு என் சிபாரிசு கிருஷ்ணகிரி மலை. வெயில் ஏறுவதற்குள் ஏறிவிட வேண்டும், தண்ணீர் கொண்டுபோக வேண்டும், மலைமேல் உள்ள தர்காவுக்கு வருகிறவர்கள் வழியில் பலகையை விரிக்கக் கூடாது, புராதனப் பாறையில் புதுசாகக் கோடு கிழிக்கவும் கூடாது, சாக்பீஸ் போதும். மலையேற முடியாதவர்களுக்கு ஓசூர் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட், நிஜக் கோட்டை இருந்த ஊரிலேயே இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையைப் பார்த்து ஒரு பொம்மைக் கோட்டை கட்டினார். மனைவியாக வரப்போகிறவளைக் கவர என்று ஊரில் கதை. அந்தக் கோட்டையும் நிலைக்கவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் டீக்கடை பெஞ்சில் ஆடிக்கொள்ளலாம்.

எங்கே ஆடினாலும் ஒரே ஒரு உள்ளூர் விதி. பக்கத்தில் நின்று யோசனை சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு உடனே ஃபீல்டு டெபுடி பதவி கொடுத்து, எல்லார் செருப்பையும் பையையும் காவல் காக்க பாகலூருக்கு அனுப்பிவிட வேண்டும்.