எல்லாம் ஒரிஜினல் சார்

1961 முதல் மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை வைத்திருக்கும் நாலு பேர் கூடினால், வண்டி ஓடிய கதை வராது, நின்ற கதைதான். திண்டிவனம் தாண்டி நின்றது, ஏற்காடு ஏற்றத்தில் நின்றது, மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளையோடு நின்றது.

மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக முதலை வாய்போலத் திறக்கும் பானட்டைத் தூக்கிப்பிடித்து, "எல்லாம் ஒரிஜினல் சார்" என்பார் ஒருவர். கார்புரேட்டர் மாருதியுடையது, வயரிங் புதுப்பேட்டை உபயம். ஒரிஜினலாக மிஞ்சியிருப்பது தாத்தா பெயரில் உள்ள ஆர்.சி. புத்தகம்.

50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவுசெய்ய 2021இல் விதி வந்தது. அப்படிப் பதிந்தால் அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாதாம். இந்த வண்டிகள் இதைவிடச் சிரமமில்லாமல் கடைப்பிடிக்கக்கூடிய சட்டம் வேறு கிடையாது. வீட்டம்மாவுக்குத்தான் ஒரு சந்தேகம்: "அப்ப போர்டிகோவை எப்பங்க காலி பண்ணுவீங்க?"