தோளும் இடுப்பும்

ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் குளத்தில் ஊரே இறங்கி முழுகும். ஈரவேட்டி, வெறும் மேல், உடம்போடு ஒட்டிய சேலை. யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் இங்கிலீஷ் படிப்பிக்க வந்த வெள்ளைக்காரப் பிள்ளை கையில்லாத சட்டையோடு வகுப்புக்குள் நுழைந்தால் அதிபருக்கு வியர்த்துவிடும். சரி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் சட்டையும் காற்சட்டையும்? அதுவும் ஆகாது. சேலைதான் அடக்கம், நாலு விரல் இடுப்புத் தெரிந்தாலும் அது கலாசாரக் கணக்கில் சேர்ந்துவிடும். 2022 நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையை விட்டு வசதியான உடுப்பில் பள்ளிக்கூடம் போனார்கள். உடுப்பு விதியில் மாற்றமில்லை என்றது இலங்கைக் கல்வி அமைச்சு. (நாடே பெற்றோல் வரிசையில் நின்ற வருசம் அது.) இப்போது வெள்ளைக்காரப் பிள்ளையும் சேலைதான். கரும்பலகைக்குக் கையை உயர்த்தும்போதெல்லாம் முந்தானை சரிகிறது. வகுப்பே இலக்கணத்தை விட்டுவிட்டு ஊசி தேடுகிறது.